அமெரிக்கக் காருக்கு முன் ஃபிரேம் வாங்கியது

1

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்தும் ரங்கூன் தாமுவே பேட்டையில், சந்தை முனையில் நான் வடை சுட்ட சட்டிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவை. ரங்கூனுக்கு நான் வந்தது பத்தொன்பது வயதில், தாலி ஏறிய மூன்றாம் மாதம். இப்போது யாங்கோன் என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும், நான் இறங்கிய துறைமுகத்துக்கு ரங்கூன் என்றுதான் பெயர்.

பள்ளிக்கூடம் நான் இரண்டு வருஷம்தான் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஒரு பக்கம் முடிக்க ஒரு காலைப்பொழுது ஆகிறது. அவசரம் ஒன்றும் இல்லை. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், சேதியில் கை வைக்காதீர்கள்.

இந்த மாதத்தோடு எங்கள் காருக்குப் புது முன் ஃபிரேம் மாட்டி ஒரு வருஷம் ஆகிறது. தமிழ்நாட்டில் இருக்கிற உங்களுக்குச் சிரிப்பாய் இருக்கும். கல்யாண நாளுக்கும் திவசத்துக்கும் வருஷம் பார்க்கலாம், இரும்புக்குமா என்பீர்கள். எங்கள் வீட்டில் அந்த இரும்புக்குத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

2

கார் என் வீட்டுக்காரருடையது. அவர் ஒரு வெளிநாட்டு அதிகாரிக்கு டிரைவராக இருந்தார். அந்த அதிகாரி நாட்டை விட்டுக் கிளம்பும்போது, கப்பலேற்ற முடியாத சாமான்களோடு காரையும் விட்டுவிட்டுப் போனார். அமெரிக்கக் கார். அந்த நாட்டு இளவட்டங்கள் வேகம் காட்டுவதற்கென்றே செய்ததாம். கதவு இரண்டுதான். மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம் இருக்கும். கிளப்பினால் தெருவில் இருக்கிற நாயெல்லாம் எழுந்து நிற்கும்.

எண்பத்தெட்டாம் வருஷக் கலவரத்துக்கு அடுத்த வருஷம் வீட்டுக்காரர் காலமானார். பெட்ரோல் ரேஷனில் கிடைப்பதை அந்த இன்ஜின் ஒரே மடக்கில் குடித்துவிடும். யார் ஓட்டுவது? தார்ப்பாய் போட்டு மூடி, மேலே மிளகாய் காயவைத்தோம்.

என் பிள்ளைகளில் நான்கு பேர் நான்கு திசையில் இருக்கிறார்கள். கூட இருந்தவன் கடைசி மகன் துரைராசு. லைன் பஸ் ஓட்டினான். அவனும் அவன் பெண்சாதி மல்லிகாவும் அவர்கள் மகள் செல்வியும் நானும் ஒரே வீடு. ஒரு நாள் துரை தார்ப்பாயை விலக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஆத்தா, இத கல்யாண வண்டியா ஓட்டலாம். ரங்கூன்ல வேற யார்கிட்டயும் இப்பிடி ஒண்ணு கிடையாது."

"ரெண்டு கதவு வண்டியில பொண்ணு எப்பிடிடா பின்னால ஏறுவா? குனிஞ்சு, முட்டி போட்டா?"

"ஏறிட்டா இறங்க மாட்டா. மாப்பிள்ளைக்கு நல்லதுதானே."

பழைய இன்ஜினை எடுத்துவிட்டு, உடைத்த ஜப்பான் லாரி ஒன்றின் டீசல் இன்ஜினைப் போடுவது என்று முடிவானது. எங்கள் தெரு மெக்கானிக் கோ ஜோ மூக்கைத் திறந்து பார்த்தார். பர்மாக்காரர், நல்ல வேலைக்காரர். அவர் பேசியதெல்லாம் பர்மியில். நான் தமிழில் எழுதுகிறேன். என்னை அமேஜி என்பார், பெரியம்மா என்கிற மாதிரி.

"அமேஜி, இன்ஜினையும் முன் சக்கரம் ரெண்டையும் தூக்கிப் பிடிக்கிற சட்டம் இருக்கே, இந்த முன் ஃபிரேம், அத துரு தின்னுடுச்சு. நல்லா இருந்தாலும் டீசல் இன்ஜினோட எண்ணெய்த் தொட்டி இதோட குறுக்குக் கம்பியில இடிக்கும். வேற ஃபிரேம் கொண்டு வாங்க. அது இல்லாம நான் இன்ஜின இறக்க மாட்டேன்."

3

அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தொடங்கிவிட்டது. ஃபிரேம் மேல் இல்லை. மகன் மேல்.

அதற்கு முந்தின மாதம் துரை கடன் வாங்கிய டை ஒன்றைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுத்திருந்தான். கேட்டால் லைசென்சுக்கு என்றான். பஸ் லைசென்சுக்கு எவன் டை கட்டுகிறான்? தெருமுனையில் மேசை போட்டு போன் வைத்திருப்பார்களே, அங்கே போய் நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினான். மலேயாவில் கார் பட்டறை வைத்திருக்கிற சிநேகிதனாம். என்னைக் கண்டதும் சத்தமாய் "சாப்பிட்டியா" என்று கேட்டான். அதுவரை பேசியது சாப்பாடு இல்லை என்று எனக்குத் தெரியாதா?

போகப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்தவள். நம் சனங்கள் கப்பல் கப்பலாய் ஊர் திரும்பிய அந்த வருஷத்தில் எங்கள் வரிசையில் பாதி வீடு காலியானது. பக்கத்து வீட்டுக்காரி கிளம்புகிற மாதத்தில் சுவருக்கு வெள்ளை அடித்தாள். கால் ஆடுகிற நாற்காலிக்கு வார்னிஷ் பூசினாள். வாங்கினவன் உட்கார்ந்த அன்றே நாற்காலி படுத்துவிட்டது. அவள் அப்போது நடுக்கடலில் இருந்தாள். போகப் போகிறவன் தன் பொருளுக்கு வெளியே அழகு பண்ணுவான், உள்ளே செலவு பண்ணமாட்டான் என்று அன்றைக்கு என் புத்தியில் ஏறியது ஏறியதுதான்.

அதனால் எனக்குக் கணக்கு சுலபம். துரை மட்டமான ஃபிரேமை வாங்கி, மேலே பளபளவென்று சாயம் அடித்தால், காரை விற்றுவிட்டுக் கிளம்பப் போகிறான். கனமானதாய், நல்லதாய் வாங்கினால் இங்கேயே இருக்கப் போகிறான். வாயால் கேட்டால் பொய் சொல்வான். இரும்பை வாங்குகிற கை பொய் சொல்லாது.

"நானும் வர்றேன்டா."

"இரும்புக் கடைக்கு நீ எதுக்கு ஆத்தா? கத்தரிக்காயா வாங்கப் போறோம், அமுக்கிப் பாக்க?"

"கத்தரிக்காய்லதான்டா பூச்சி வெளியில தெரியாது. நட."

4

முதலில் மாவ்பிக்குப் போனோம். அந்தப் பாதையில் ஒரு கிடங்கு, உடைத்த வண்டிகளை வெட்டி விற்கிற இடம். லைன் பஸ்ஸில் போய், நடு ரோட்டில் இறங்கினோம். உங்களுக்கு இது புரியாது. இங்கே ஒரு காலத்தில் எல்லோரும் உங்களைப் போலத்தான் ரோட்டின் இடப்பக்கம் போனோம். ஒரே நாளில் இனி வலப்பக்கம் போ என்று உத்தரவு வந்தது. வண்டிகளோ ஜப்பானிலிருந்து வருகிறவை. ஸ்டியரிங் வலப்பக்கம், பஸ் கதவு இடப்பக்கம். அதனால் கதவு திறந்தால் நடு ரோடு. இத்தனை வருஷமாய் உயிர் பிழைத்து இறங்கிக்கொண்டிருக்கிறோம். எங்கள் அமெரிக்கக் காருக்கு மட்டும் ஸ்டியரிங் இடப்பக்கம்.

கிடங்குக்காரன் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு ஒரு ஃபிரேமைக் காட்டினான். ஜப்பான் வேனிலிருந்து வெட்டியது. எண்ணெய் பூசின எருமை மாதிரிக் கறுப்பாய் மின்னியது. இத்தனை அழகு ஒரு பழைய இரும்புக்கு எதற்கு? ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றி ஒரு மூலையில் சுரண்டினேன். சாயம் உரிந்தது, அடியில் மறைக்கப் பூசிய பட்டி, அதற்கும் அடியில் என் சுண்டு விரல் போகிற ஓட்டை.

"தம்பி, இது என்ன, காது குத்தின இரும்பா?" என்று பர்மியில் கேட்டேன். என் பர்மியைக் கேட்டால் சிரிக்காதவர்கள் கிடையாது. அவன் சிரிக்கவில்லை.

"அமேஜி, ரங்கூன்ல ஓட்டை இல்லாத இரும்பு புத்தர் கோயில் மணியில மட்டும்தான்."

துரை கோபப்படுவான் என்று பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. "பழசுன்னா இருக்கத்தான் செய்யும் ஆத்தா. கோ ஜோ ரெண்டு இடத்துல அடைச்சுடுவார்" என்றான். சாவியால் தட்டிப் பார்த்தேன். வெடித்த பானைச் சத்தம்.

பிறகு துரை கீழே படுத்துப் பார்த்து, "ஸ்டியரிங் மாட்டுற இடம் வலப்பக்கமா இருக்கு. நம்ம வண்டிக்கு இடப்பக்கம்" என்றான்.

"அதனால என்ன? ஸ்டியரிங்க வலப்பக்கம் மாத்திக்கோ. ஊர்ல இருக்கிற எல்லா வண்டியும் அப்படித்தானே ஓடுது?" என்றான் கிடங்குக்காரன்.

துரை தலையை ஆட்டினான். ஆட்டினான்! ரோடு ஒரு பக்கம், ஸ்டியரிங் மறுபக்கம் என்று இந்த ஊரே பழகிவிட்டதால், நேராய் இருக்கிற ஒரே வண்டியையும் கோணலாக்க இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து லைங் தாயாவில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே புது இரும்பு வாங்கி, அளவு எடுத்து, அடித்துக் கொடுப்பார்களாம். அளவு எடுக்கிறவன் கையில் நாடாவுக்குப் பதில் ஒரு துண்டுக் கயிறு இருந்தது. "வண்டி இடப்பக்கமா இழுத்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். "கொண்டு வாங்க, தட்டித் தர்றேன்" என்றான். துரை அவனோடு சேர்ந்து டீ குடித்தான். நான் என் டீயைக் கீழே ஊற்றினேன். மகன் மட்டத்துக்கு மேல் மட்டமாய்த் தேடுகிறான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அன்றைக்கு வீட்டில் நான் பேசிய பேச்சைத் தெருவே கேட்டது. உன் அப்பா ஓட்டின காருக்குக் கயிறு வைத்து அளந்த ஃபிரேமா என்று கேட்டேன். போன் மேசைக்காரி ஆள் அனுப்பினாள், மலேயாவிலிருந்து அழைப்பு என்று. துரை எழுந்து போனான். திரும்பி வரும்போது முகம் வேறு மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் தானாகவே வந்து சொன்னான்:

"ஆத்தா, நீ சொல்றதுதான் சரி. அருளப்பன் கடைக்குப் போவோம். புதுசு வாங்கிடலாம்."

என் வாய் ஜெயித்தது என்று நினைத்துக்கொண்டு, நல்ல சேலையாய்ப் பார்த்துக் கட்டினேன்.

5

அருளப்பன் வேதக்காரர். மிஷன் பள்ளியில் படித்த குடும்பம்; அப்பா துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கப்பலில் வேலை செய்கிறவர்கள் மூலமாய் வெளிநாட்டு உதிரிச் சாமான் வரவழைத்து விற்கிறார். பிரசங்கம் மாதிரித் தமிழ் பேசுவார்.

"வாருங்கள் தாயே, அமருங்கள் தாயே."

இரண்டு தாயே வந்ததும் நான் சுருக்குப்பையை இடுப்பில் இன்னும் உள்ளே செருகிக்கொண்டேன்.

பெட்டியைத் திறந்து, எண்ணெய்க் காகிதத்தை விலக்கிக் காட்டினார். ஃபிரேம் புதிது, சாம்பல் நிறம். அதைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நட்டும் போல்ட்டும் தனிப் பையில். இந்த மாதிரி அமெரிக்கக் காருக்கென்றே, ஸ்டியரிங் இடப்பக்கம் வைத்துச் செய்ததாம். குறுக்குக் கம்பி தாழ்ந்து வளைந்திருந்தது. டீசல் இன்ஜினின் எண்ணெய்த் தொட்டி இடிக்காதாம்.

"காரைச் செய்த அதே கம்பெனிதான் இதையும் செஞ்சுதா?" என்று கேட்டேன்.

"இல்லை தாயே. இது வேறு ஒருவர், பிற்பாடு, அதே அளவுக்குச் செய்து விற்பது. இன்ஜின் மாற்றுகிறவர்களுக்காகவே செய்கிறார்கள்."

"பெத்தவ ஒருத்தி, வளர்க்கிறவ ஒருத்தியா?"

"அப்படியும் சொல்லலாம்."

"வளர்க்கிறவ அளவு தப்பினா?"

"தப்பாது. சில சமயம் வளர்க்கிறவள்தான் கூடுதல் கவனமாய் இருப்பாள்."

நன்றாய்த்தான் பேசினார். அதனாலேயே ஊக்கை எடுத்தேன். அவர் "ஐயோ தாயே, புதுச் சாமான்!" என்று கையை நீட்டுவதற்குள் சுரண்டிவிட்டேன். கோடு விழவில்லை. ஊக்குதான் வளைந்தது. சாவியால் தட்டினேன்; கோயில் மணி மாதிரிக் கேட்டது. முகர்ந்து பார்த்தேன், பட்டி வாசனை இல்லை. வெல்டிங் போட்ட இடமெல்லாம் அடுக்கி வைத்த ஓலைப் பின்னல் போல ஒரே சீராய் இருந்தது. குறை கண்டுபிடிக்க முடியாத சாமான் எனக்குக் கொஞ்சம் பயமாய்த்தான் இருக்கும்.

துரை அன்றைக்குக் கேட்ட கேள்விகளை நான் மறக்கவில்லை.

"இதுல தேயிற ரப்பர் இந்த ஊர்லயே கிடைக்குமா?"

"கிடைக்கும் தம்பி. அவசியமானால் நானே தருகிறேன்."

"கிரீஸ் வைக்கத் தெரிஞ்சவன் வேணுமா, யார் வேணா வைக்கலாமா?"

"சிறு பிள்ளைகூட வைக்கலாம்."

"ஒண்ணுமே பாக்காம விட்டா எத்தன காலம் ஓடும்?"

"பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம்."

பத்து வருஷம் என்ற சொல்லைக் கேட்டதும் துரைக்கு மூச்சு இறங்கியது. எனக்கும் இறங்கியது. பத்து வருஷத்துக்கு யோசிக்கிறவன் எங்கே போகப் போகிறான்? அவனும் கடைப் பையனும் அந்தப் பெட்டியை டிரிஷா என்கிற சைக்கிள் வண்டியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டும்போது, நான் ஒரு கையை அதன் மேல் வைத்துக்கொண்டே வீடுவரை நடந்தேன்.

6

இன்ஜினை மாற்றுவதற்கு முன்பே அதை வண்டிப் பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே இன்ஜின் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். எழுதுகிறவர் என்னைப் பார்த்து, "அமேஜி எந்த நாடு?" என்றார். தாமுவே என்றேன். என் அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்து, வெளிநாட்டுக்காரர் என்று உதட்டுக்குள் வாசித்தார். அவருடைய அப்பா பிறப்பதற்கு முன்பே நான் இந்த ஊரில் வடை சுட்டிருப்பேன். அட்டையை வாங்கிச் சுருக்குப்பையில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். மகன் இங்கே இருக்கப் போகிறான் என்ற நினைப்பில் எனக்கு எல்லாமே லேசாய் இருந்தது.

கோ ஜோ ஃபிரேமைப் பூட்டிய அன்று சூடாய் வடை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அந்தக் காலிடம் பெருமை பேசினேன்.

"பாத்தீங்களா கோ ஜோ, என் மகன் எப்பிடி வாங்கியிருக்கான்! இருக்கப் போறவன் வாங்குற சாமான் இதுதான்."

அடியிலிருந்து சிரிப்பு வந்தது.

"இருக்கப் போறவன் இத வாங்குவானா அமேஜி? என் வாசல்ல நிக்கிற வண்டியெல்லாம் பாருங்க. வெட்டின சாமான், ஒட்டின சாமான். மாசம் ஒரு தடவை வர்றாங்க. நான் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கிறேன், அவங்க டீ வாங்கித் தர்றாங்க, போறாங்க. ரங்கூன்ல வண்டி வச்சிருக்கிறவன் பொழப்பே அதுதானே? கூட இருந்து பாத்துக்கிறவனுக்கு எந்த இரும்பும் போதும். இது, பாத்துக்க ஆள் இல்லாதவங்களுக்குப் போட்டுட்டுப் போற சாமான்."

பிறகு மெதுவாய் வெளியே நகர்ந்து வந்து, என் முகத்தைப் பார்த்தார். "துரை உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

வடையை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மல்லிகா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"எப்போ கிளம்புற?" என்று கேட்டேன்.

மல்லிகாவின் கரண்டி அப்படியே நின்றது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"அடுத்த மாசம் ஆத்தா. விசா அன்னிக்குத்தான் உறுதியாச்சு. போன் வந்துச்சே, அன்னிக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி போவேனோ மாட்டேனோன்னு இருந்தேன். அதான் மாவ்பியில வெட்டின ஃபிரேம் போதும்னு நெனச்சேன். நானே இருந்தா எதையாவது கட்டி ஓட்டிக்குவேன். மல்லிகா தம்பி கணேசன்தானே இனி ஓட்டணும்? அவனுக்கு ஸ்பேனர எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னே தெரியாது. நீங்க மூணு பேரும் அந்த வண்டிய நம்பித்தானே இருக்கப் போறீங்க. நடு ரோட்ல சக்கரம் கழண்டா நான் அங்கேர்ந்து என்ன செய்வேன்?"

"எத்தன வருஷம்?"

"மூணே வருஷம் ஆத்தா. ஒப்பந்தமே மூணுதான்."

"என்னைக் கப்பல் ஏத்தினப்போ எங்க அண்ணன் ரெண்டு வருஷம்னுதான் சொன்னாரு. மூணு வருஷத்துக்குப் போறவன் பத்து வருஷ இரும்பு எதுக்குடா வாங்கினே?"

அவன் தட்டைப் பார்த்தான். மல்லிகா எழுந்து உள்ளே போனாள்.

7

அடுத்த மாதம் போனான். விமான நிலையத்துக்கு அந்தக் காரிலேயே போனான். அவன்தான் ஓட்டினான்; கணேசன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டான். நானும் போகலாம் என்றார்கள். பின்சீட்டில் குனிந்து ஏற இடுப்பு வளையாது என்று சொல்லிவிட்டேன்.

வண்டி நன்றாய் ஓடுகிறது. தை மாதத்திலும் ஆவணியிலும் ஓய்வே இல்லை. பர்மாக்காரர்கள், நம்மவர்கள் எல்லோர் கல்யாணத்துக்கும் போகிறது. அருளப்பனை வழியில் பார்த்தால், அவர் தாயே என்பதற்கு முன் நான் தலையை ஆட்டிவிடுகிறேன். என் ஊக்குக்குத் தோற்காத ஒரே சாமான் அவர் விற்றதுதான்.

மாதம் ஒரு முறை போன் மேசைக்கு அழைப்பு வரும். வரிசையில் நின்று பேசுவோம். செல்விக்கு வீட்டில் பாதித் தமிழ், பள்ளியில் முழுப் பர்மி. அப்பாவிடம் பேசும்போது பர்மிதான் வருகிறது. மூன்று நிமிஷத்தில் தமிழ் தேட அவளுக்கு நேரம் இல்லை. போன் என் கைக்கு வந்தால் துரை கேட்கிற முதல் கேள்வி கார்தான்.

"முன்னாடி ஏதாச்சும் சத்தம் வருதா ஆத்தா?"

"வருது."

"என்ன சத்தம்? கடகடன்னா, கீச்சுன்னா?"

"சொல்லத் தெரியல."

"கோ ஜோகிட்ட காட்டினீங்களா?"

"காட்டினோம். அவருக்குப் பிடிபடல. வாங்கினவன் வந்து பாத்தாத்தான் தெரியுமாம்."

"வாங்கினவனா?" என்று திருப்பிக் கேட்பான். அவனுக்கும் என் மேல் சந்தேகம் இருக்கிறது போல. என் பிள்ளைதானே. ஆனாலும் அடுத்த மாதமும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்கிறான். நானும் வருது என்றுதான் சொல்கிறேன்.

இவ்வளவையும் எழுதி முடித்துச் செல்வியைக் கூப்பிட்டேன். தமிழ் எழுத்து அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது, மெதுவாய்த்தான் வாசிப்பாள். முதலிலிருந்து வாசித்துக் காட்டு, ஒரு வரி விட்டாலும் எனக்குத் தெரியும் என்றேன். வாசித்துக்கொண்டே வந்தாள். வருது என்று நான் சொல்கிற இடத்துக்கு வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டாள்.

"அப்பாயி, நம்ம கார்ல சத்தமே வராதே?"

"நீ வாசி," என்றேன்.